விசனத்திற்குக் கள் மருந்தாமா?

"மனத்தில் விசனம், அதனால் குடிக்கிறேன்" என்பது நம்மவர் பலர் கூறும் சமாதானம். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும், கிள்ளான் தோட்டத்து லயங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் புளித்த சொல் இது. இதைக் கூறுவோர் தம் வாயில் வரும் அச்சொல்லின் பொருளை ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

விசனம் என்பது வியசனம் என்னும் வடசொல்லின் திரிபு. ஒருவனை நன்மையினின்றும் தள்ளி எறிவது எதுவோ அதுவே வியசனம். அர்த்தசாஸ்திரத்தின் எட்டாம் அதிகரணம் முழுவதும் இதைப் பற்றியதே. வெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய் ஆகியனவும் அங்கே வியசனம். வேட்டை, சூது, பெண்ணாசை, குடி ஆகியனவும் வியசனம். நம்மோடு வாழும் தெலுங்கரைக் கேளுங்கள். வியசனம் என்றால் கெட்ட பழக்கம் என்பார். மலையாளத்தாரைக் கேளுங்கள், துக்கம் என்பார். தமிழராகிய நாமும் துக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு குடியை மறந்துவிட்டோம்! ஆகவே, விசனம் தீரக் குடிப்பவன், விசனத்தைத் தீர்க்க விசனத்தையே விழுங்குகிறான். நெய் வார்த்து நெருப்பை அணைத்தவர் உண்டா?

நிற்க. இதைக் கேட்டுத் தலையாட்டும் கனவான்களுக்கும் ஒரு வார்த்தை. "கூலிக்காரன் குடித்தே கெட்டான்" என்று கூறும் நீங்கள், சொல்லின் மற்றப் பாதியை மறைக்கிறீர்கள். அரைவயிற்றுக் கூலி கொடுத்து, அந்தக் கூலியையும் திரும்பப் பறிக்கத் தோட்டத்துக்குள்ளேயே உரிமத்தோடு கள்ளுக்கடை திறந்தவர் யார்? வறுமை வியசனமன்றோ? அவமானம் வியசனமன்றோ?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டுமென்றனர். அரசாங்கம் பட்டாளத்தை ஏவிற்று; உயிர்கள் பலியாயின; தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். அகராதியைக் கண்ணால் காணாத அத்தொழிலாளரே, விசனத்தின் இரு பாதிகளையும் ஒருங்கே உணர்ந்தவர். இரண்டுக்கும் ஒரே மூச்சில் பரிகாரம் கேட்டவர்.

அத்தோட்டங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. கள்ளுக்கடை இருந்த இடத்தை மலிவுச் சம்சு பிடித்துக்கொண்டது. சமாதானமோ மாறவில்லை!

தோழர்களே! போத்தலை மட்டும் கீழே வைத்துவிட்டுப் பசியோடு வாய்மூடி இருப்பதும் போதாது; கூலியை மட்டும் உயர்த்தி அதைப் போத்தலில் ஊற்றுவதும் போதாது. ஒரு கையால் போத்தலைத் தள்ளுங்கள். மறு கையை உரிமைக்காக உயர்த்துங்கள். அன்றே விசனம் என்னும் சொல் நம் வாயைவிட்டு அகலும்.