பன்னிரண்டு பள்ளிகளும் ஒரு குலுக்கல் எண்ணும்: வாஷிங்டனின் ‘பள்ளித் தெரிவு’ யாருக்கானது?

வாஷிங்டன் நகரப் பெற்றோர் ஆண்டுதோறும் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு பட்டியலை எழுதி முடித்தாக வேண்டும். தம் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பள்ளிகளை, பன்னிரண்டு வரை, விருப்ப வரிசைப்படி எழுதி ‘மை ஸ்கூல் டிசி’ என்னும் பொதுக் குலுக்கலுக்கு அனுப்புகின்றனர். மார்ச் இறுதியில் முடிவு வரும். 2014இல் தொடங்கிய இந்த நடைமுறையில், நகர நிர்வாகம் நேரடியாக நடத்தும் அரசுப் பள்ளிகளும் பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளும் ஒரே விண்ணப்பத்தின்கீழ் வருகின்றன. சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், கட்டணமின்றி, தனியொரு நிர்வாகக் குழுவால் நடத்தப்படுவது. நகரப் பள்ளித் துறையின் நேரடிக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. அந்நகரில் அரசுச் செலவில் படிக்கும் மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இப்பள்ளிகளில் இருக்கின்றனர்.

இதை நாம் ஏன் கவனிக்க வேண்டும்? இந்தியாவிலும் கல்வி வவுச்சர் குறித்தும் பள்ளித் தெரிவு குறித்தும் பேசுவோர் அமெரிக்க நகரங்களையே முன்மாதிரியாகக் காட்டுகின்றனர். ‘பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும், கணினி நடுநிலையோடு பகிர்ந்தளிக்கட்டும், பிறகு பாகுபாட்டுக்கு இடமேது?’ என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தின் முதற்பாதி பெருமளவு உண்மை. ஆகவே அதை ஏளனம் செய்து கடந்துவிடுவது நமக்கு உதவாது.

அந்தக் கணக்கீட்டு முறையின் வேர் 1962இல் டேவிட் கேல், லாய்டு ஷேப்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அதைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கொண்டுவந்ததில் ஆல்வின் ராத் என்னும் பொருளியலாளருக்குப் பெரும்பங்கு உண்டு. ஷேப்லியும் ராத்தும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முறை எளிது. ஒவ்வொரு மாணவரும் முதலில் தம் முதல் விருப்பப் பள்ளியின் கதவைத் தட்டுகிறார். பள்ளி, முன்னுரிமைகளையும் குலுக்கல் எண்ணையும் பார்த்துத் தற்காலிகமாக இடம் ஒதுக்குகிறது. மிகுந்தவரைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பப்பட்டவர் அடுத்த பள்ளிக்குச் செல்கிறார். அங்கே ஏற்கெனவே இடம்பிடித்திருப்பவரைவிட அவருக்கு முன்னுரிமை அதிகமெனில், முன்னவர் வெளியேறி இவர் உள்ளே வருவார். எவரும் இனித் திருப்பப்படாத நிலை வரும்போதுதான் ஒதுக்கீடு உறுதியாகும்.

இதன் சிறப்பை உணர பாஸ்டன் நகரின் பழைய முறையைப் பார்க்க வேண்டும். அங்கே முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் நிரப்பப்பட்டது. புகழ்பெற்ற ஒரு பள்ளியை முதலில் எழுதித் தோற்றவர் இரண்டாம் விருப்பப் பள்ளியை அணுகும்போது, அதை முதல் விருப்பமாக எழுதியவர்கள் அப்பள்ளியை நிரப்பியிருப்பர். ஆகவே உண்மையான விருப்பத்தை எழுதுவதே தண்டனைக்குரியதாயிற்று. விவரம் அறிந்த பெற்றோர் குழுக்களாகக் கூடி, எந்தப் பள்ளியை எந்த இடத்தில் எழுதினால் வெற்றி கிட்டும் என்று உத்தி வகுத்தனர். அக்கூட்டத்துக்குள் அழைக்கப்படாதவர்கள் தம் மனத்தில் இருந்ததை அப்படியே எழுதி இழந்தனர். 2005இல் பாஸ்டன் பள்ளிக் குழு அம்முறையைக் கைவிட்டது. புதிய முறையில் உத்திக்கு வேலையில்லை. விரும்பியதை விரும்பிய வரிசையில் எழுதுவதே எவருக்கும் நல்லது. தகவலையே மூலதனமாக வைத்திருந்தவர்களிடமிருந்து அந்த மூலதனத்தை ஒரு கணக்கு பறித்துக்கொண்டது. இது சிறிய சாதனை அன்று. நம் ஊரில் கல்லூரிக் கலந்தாய்வின்போது முதல் தலைமுறை மாணவர் தவறான வரிசையில் விருப்பங்களைப் பதிந்துவிட்டு நிற்பதைக் கண்டவர்கள் இதன் மதிப்பை அறிவர்.

நேர்மையான குலுக்கலை அதிகாரம் படைத்தோர் எவ்வளவு வெறுத்தனர் என்பதும் வாஷிங்டனில் பதிவாகியுள்ளது. பள்ளித் துறைத் தலைவராக இருந்த காயா ஹெண்டர்சன், சில அரசு அதிகாரிகள் உள்ளிட்டோரின் பிள்ளைகளுக்குக் குலுக்கலை மீறி இடமளித்ததை நகரின் தலைமை ஆய்வாளர் 2017இல் வெளிக்கொணர்ந்தார். அவருக்கு அடுத்து அப்பதவிக்கு வந்த ஆன்ட்வான் வில்சன், தம் மகள் நூற்றுக்கணக்கானோர் காத்திருந்த உயர்நிலைப் பள்ளியொன்றுக்குக் குலுக்கலைக் கடந்து மாற்றப்பட்டது அம்பலமானதும், 2018 பிப்ரவரியில் பதவி விலகினார். ஒரு விதி அதன் காவலர்களுக்கே இடையூறாக இருந்ததென்றால், அதில் ஏதோ நேர்மை இருந்தது என்றுதான் பொருள்.

எனினும், கணக்கு நேர்மையானது என்பதும் அதற்குள் இடப்படும் பொருள் நேர்மையானது என்பதும் வேறு வேறு.

குலுக்கலுக்கு வெளியே நிற்கும் ஓர் உரிமையைக் கவனியுங்கள். வாஷிங்டனில் மழலையர் வகுப்புகளைத் தாண்டியதும், ஒவ்வொரு முகவரிக்கும் உரிய அரசுப் பள்ளியில் அம்முகவரியில் வாழும் குழந்தைக்கு உறுதியான இடம் உண்டு. நகரின் வடமேற்கே, ராக் கிரீக் பூங்காவுக்கு அப்பால், விலையுயர்ந்த வீடுகளில் பெரும்பாலும் வெள்ளையர் வாழும் பகுதியில், பெற்றோர் பட்டியல் எழுதவே தேவையில்லை. வீட்டுப் பத்திரமே அவர்களது சேர்க்கைச் சீட்டு. அனகோஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே, 7ஆம் 8ஆம் வார்டுகளில் வாழும் கறுப்பினப் பெற்றோருக்கும் சட்டப்படி அதே உரிமை உண்டு; ஆனால் அது தலைமுறைகளாகப் புறக்கணிக்கப்பட்ட பள்ளிகளுக்கான உரிமை. ஆகவே அவர்கள் குலுக்கலுக்கு வருகின்றனர். ஒருவருக்கு உறுதி, மற்றவருக்கு வாய்ப்பு. ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட எழுதப்பட்ட சட்டம் எதுவும் தேவைப்படவில்லை என்பதை நாம் அறிவோம். அங்கும் அப்படித்தான், பள்ளி எல்லை வரைபடம் போதுமானதாக இருக்கிறது.

கிழக்கே உள்ள ஒரு பள்ளியின் வரலாறு இதைத் தெளிவாக்கும். 1950 செப்டம்பரில் கார்ட்னர் பிஷப் என்னும் முடிதிருத்தும் தொழிலாளி, பதினொரு கறுப்பின மாணவர்களை அழைத்துக்கொண்டு புதிதாகக் கட்டப்பட்ட ஜான் பிலிப் சூசா இடைநிலைப் பள்ளிக்குச் சென்றார். வகுப்பறைகள் காலியாகவே இருந்தன. ஆயினும் அது வெள்ளையருக்கான பள்ளி என்று சொல்லித் திருப்பி அனுப்பினர். அதிலிருந்து எழுந்ததே ‘போலிங் எதிர் ஷார்ப்’ வழக்கு. 1954 மே 17 அன்று, பிரவுன் வழக்கின் தீர்ப்போடு சேர்த்து, தலைநகரப் பள்ளிகளில் இனப்பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று சூசா பள்ளியில் கறுப்பின மாணவருக்குத் தடையில்லை. அங்கே படிப்போரில் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தவரே. வெள்ளையர் அப்பகுதியை விட்டே வெளியேறிவிட்டனர். தடையை நீக்கிய நீதிமன்றத்தால் வெளியேறுவதை நிறுத்த இயலவில்லை.

‘தெரிவுச் சுதந்திரம்’ என்னும் சொல்லுக்கும் அங்கே ஒரு கறைபடிந்த முன்வரலாறு உண்டு. பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு தென் மாநிலங்கள் பல, ‘எந்தக் குழந்தையும் எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம்’ என்று அறிவித்துத் தீர்ப்புக்குக் கீழ்ப்படிந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டன. வர்ஜீனியாவின் நியூ கென்ட் மாவட்டத்தில் இரண்டே பள்ளிகள். மூன்றாண்டுகளில் ஒரு வெள்ளைக் குழந்தைகூடக் கறுப்பினப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பினக் குழந்தைகளில் 85 விழுக்காட்டினர் பழைய பள்ளியிலேயே இருந்தனர். 1968இல் ‘கிரீன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தது. பிரிவினையை உருவாக்கிய அரசே அதை வேரறுக்கும் கடமையைச் சுமக்க வேண்டும், அச்சுமையைப் பெற்றோர் தோளில் இறக்கிவைக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டம் பயிலும் மாணவர்கள் பிரவுன் தீர்ப்பைப் படிக்கிற அளவுக்குக் கிரீன் தீர்ப்பைப் படிப்பதில்லை. என் பார்வையில் இரண்டாவதே கூர்மையானது.

ஆனால் அதே நீதிமன்றம் 2007இல் வேறு திசையில் நடந்தது. சியாட்டில் நகரில் மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தி விண்ணப்பித்தனர். இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் முதலில் உடன்பிறந்தாருக்கும், அடுத்து, பள்ளியின் இனச் சமநிலைக்கு உதவும் மாணவருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இதன் விளைவு என்ன? இனத்தால் பிரிக்கப்பட்ட நகரத்தில், இனத்தின் பெயரைச் சொல்லி ஒரு குழந்தைக்கு இடமளிப்பது குற்றம்போல் ஆயிற்று. உடன்பிறந்தார் முன்னுரிமை தொடரலாம். வீட்டு முகவரிக்கான முன்னுரிமை தொடரலாம். அவை ‘நடுநிலையானவை’. முன்பே உள்ளே இருப்பவரின் தம்பிக்கும், அருகே வீடு வாங்க முடிந்தவரின் மகளுக்கும் வழிவிடும் விதி நடுநிலையாகவும், வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தின் குழந்தைக்கு வழிவிடும் விதி பாகுபாடாகவும் மாறும் விந்தையை நாம் இங்கும் நீதிமன்றங்களில் கேட்டுப் பழகியவர்கள்.

ஆகவே வாஷிங்டன் சுற்றுவழியை நாடியது. வீடற்றோர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோர், அரசின் உணவு அல்லது வருமான உதவி பெறும் குடும்பத்தார் போன்றோரின் பிள்ளைகள் ‘இடர்நிலை மாணவர்’ என வகைப்படுத்தப்படுகின்றனர். 2022-23 கல்வியாண்டிலிருந்து, விரும்பும் பள்ளிகள் இவர்களுக்குக் குலுக்கலில் முன்னுரிமை தரலாம். நல்ல திட்டமே. ஆனால் ‘விரும்பும் பள்ளிகள்’ என்னும் சொற்களைக் கவனிக்க வேண்டும், கட்டாயம் இல்லை. மேலும், அந்நகரில் வறுமையும் நிறமும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால்தான் இச்சுற்றுவழி ஓரளவேனும் பயன்தருகிறது.

சட்ட வேறுபாடு முக்கியமாவது இங்கேதான். நம் கல்வி உரிமைச் சட்டம், 2009, சுற்றுவழியை நாடவில்லை. அதன் பிரிவு 2(ஈ) ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’ என்பதில் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. பிரிவு 12(1)(இ) தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை அவர்களுக்கும் நலிந்த பிரிவினருக்கும் உரியதாக்குகிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. சியாட்டிலில் சொல்லவே கூடாததை நம் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. இடஒதுக்கீட்டைப் பொருளாதார அளவுகோலுக்கு மாற்ற வேண்டும் என்று இங்கே குரல் எழும்போதெல்லாம், பெயரை இழந்த சமூகத்துக்குச் சட்டத்தில் என்ன மிஞ்சும் என்பதற்கு வாஷிங்டன் கண்முன் நிற்கும் சான்று.

ஆயின் நடைமுறையில் நாம் பின்தங்கியிருக்கிறோம். தமிழ்நாட்டில் விண்ணப்பங்கள் மிகுந்தால் பள்ளிதோறும் தனித்தனியே குலுக்கல் நடக்கிறது. 2014க்கு முன் வாஷிங்டனின் சார்ட்டர் பள்ளிகளும் அப்படித்தான் தனித்தனியே நடத்தின: ஒரே குழந்தைக்குப் பல இடங்கள் கிடைக்கும், மற்றொன்றுக்கு எதுவும் கிடைக்காது, பள்ளி திறந்த பிறகும் இடமாற்றம் ஓயாது. இங்கே பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் வீடு இருக்க வேண்டும் என்பதும் முகவரியின் அதிகாரமே. நகரின் விளிம்புக்கு, மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்ட தலித் குடும்பங்களுக்கு அந்த ஒரு கிலோமீட்டருக்குள் என்ன பள்ளி இருக்கும்? 2025-26இல் ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்திவைத்த சிக்கலில், பள்ளிகள் ஜூனில் திறந்த பின்னும் தமிழ்நாட்டில் இச்சேர்க்கை நடைமுறை அக்டோபரில்தான் தொடங்கியது.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலரோடு நான் மாறுபடுகிறேன். சார்ட்டர் பள்ளிகள் தனியார்மயத்தின் முன்வாசல் என்பது அவர்கள் வாதம். அதற்கு ஆதாரம் நியூ ஆர்லியன்சில் இருக்கிறது. 2005இல் கத்ரினா புயலுக்குப் பிறகு அந்நகரில் ஏறத்தாழ 7,500 பள்ளி ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். பின்னர் பள்ளிகள் ஏறக்குறைய முழுவதும் சார்ட்டர்களாயின. 2012 முதல் அங்கும் பெற்றோர் வரிசைப் பட்டியல் எழுதினர். தேர்வு வைத்துச் சேர்க்கும் சில புகழ்பெற்ற பள்ளிகளோ பல ஆண்டுகள் அப்பொது விண்ணப்பத்துக்கு வெளியே நின்றன. இவ்வளவும் உண்மை. ஆனால் ஆற்றுக்குக் கிழக்கே வாழும் ஒரு தாய், தன் வட்டாரப் பள்ளியை விடுத்துச் சார்ட்டர் பள்ளியை முதலில் எழுதும்போது அவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர். தன் பிள்ளையின் அடுத்த ஆண்டைப் பற்றி முடிவெடுக்கிறார். கூலி வேலை செய்து ஆங்கிலவழிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டும் தலித் பெற்றோரை ‘மோகத்தில் விழுந்தவர்கள்’ என்று, தம் பிள்ளைகளை அதே பள்ளிகளில் படிக்கவைத்தவர்கள் இகழ்வதைக் கேட்டு நாம் சலித்திருக்கிறோம்.

அந்தத் தாயின் பட்டியலை உண்மையில் எது சுருக்குகிறது என்று கேட்பதே பொருத்தம். சிறப்புத் தேவையுடைய மாணவர் தவிர்த்து, வாஷிங்டனில் பொதுவான பள்ளிப் பேருந்து இல்லை. மாணவருக்கு நகரப் பேருந்தும் மெட்ரோவும் இலவசம்; மூன்று வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லும் தாய்க்கு இலவசம் இல்லை, அவரது வேலைநேரமும் வளையாது. பன்னிரண்டு இடங்கள் தாளில் இருக்கின்றன. ஒரு பேருந்தில் எட்டக்கூடியவை நான்கோ ஐந்தோ. அதன்பிறகும் பள்ளி நிலைக்கும் என்ற உறுதியில்லை. 2024 ஆகஸ்ட்டில், கல்வியாண்டு தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, நகரின் தென்கிழக்கில் சிறு குழந்தைகளுக்காக இயங்கிவந்த ஈகிள் அகாடமி சார்ட்டர் பள்ளி நிதி நெருக்கடியால் மூடப்பட்டது. மார்ச்சில் குலுக்கலில் வென்று அப்பள்ளியைப் பெற்ற குடும்பங்களும் ஆகஸ்ட் இறுதியில், பிற பள்ளிகளின் இடங்கள் நிரம்பிய பிறகு, மீண்டும் பள்ளி தேடி அலைய நேர்ந்தது.