ஆட்சேப மனுவில் என்ன எழுதுவது?

பேரூராட்சியாக இருந்த திருக்கோவிலூர் 2021-இல் நகராட்சியானது. ஓர் ஊர் நகராட்சியானால், அக்கம்பக்கத்து ஊராட்சிகளை அதனுடன் சேர்க்கும் பேச்சு பின்னாலேயே வரும். 2025 தொடக்கத்தில் தமிழகத்தின் பல பகுதிகளில் அது வந்தது. கிராம மக்கள் எதிர்த்தார்கள். ஆனால் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிட்டது: நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும்.

இரண்டும் உண்மையான கவலைகள். ஆனாலும் போதாது. இணைப்பை ஆதரிப்பவர் சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறார். மனை வாங்கிப் போட்டவருக்கும் பட்டணத்தில் வேலை பார்க்கும் இளைஞருக்கும் அது பிடித்துப்போகிறது. ஊரே ஒரு குரலில் பேசவில்லை என்று தெரிந்தால், மனுவைப் பெற்றுக்கொண்டு கோப்பை மூடுவது எந்த அரசுக்கும் எளிது.

மறுபக்கம் இருப்பவர்களையும் நம் பக்கம் கொண்டுவர முடியும் என்பதற்குக் கோவா ஓர் எடுத்துக்காட்டு. 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்கள், மகாராஷ்டிரத்துடன் இணைவதா என்று நேரடியாக வாக்களித்தார்கள். இணைப்பை முழக்கமாகக் கொண்ட கட்சி 1963 தேர்தலிலேயே ஆட்சியைப் பிடித்திருந்தது. எதிர்ப்பு கிறிஸ்தவர்களின் அச்சம் மட்டுமே என்ற தோற்றம் நீடித்திருந்தால் அந்த எதிர்ப்பு தோற்றிருக்கும். 'ராஷ்ட்ரமத்' நாளிதழ் அதை மாற்றியது. இணைப்பை விரும்பியவர்கள் படிக்கும் மராத்தியிலேயே, இணைந்தால் அவர்களுக்கு என்ன நட்டம் என்று எழுதியது. முடிவில் 34,021 வாக்கு வித்தியாசத்தில் கோவா தனியே நின்றது. ஏற்கெனவே தம் பக்கம் இருந்தவர்களிடம் மட்டும் பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

நம் ஊராட்சிகளுக்கு அப்படியொரு வாக்கெடுப்பு இல்லை. கிராம சபைத் தீர்மானமும் ஆட்சேப மனுவும்தான் உண்டு. அதனாலேயே அவற்றின் வாசகம் கனமாக இருக்க வேண்டும். எத்தனை குடும்பங்களிடம் வேலை அட்டை இருக்கிறது, கடந்த ஆண்டு அவற்றுக்கு எவ்வளவு கூலி வந்தது, இன்று வீட்டு வரி எவ்வளவு, அதே அளவு வீட்டுக்கு நகராட்சி வார்டில் எவ்வளவு: எல்லாம் அலுவலகப் பதிவேடுகளில் இருக்கின்றன. ஊராட்சித் தலைவர்கள் இக்கணக்கை எடுத்துக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். இணைப்பை விரும்புவோரையும் அதே கூட்டத்தில் பேசவிட்டு, அவர்கள் கேட்கும் சாலையையும் குடிநீரையும் ஊராட்சியே எப்போது, எந்த நிதியில் தரும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். இணைப்பு அறிவிப்பு வந்த பிறகு அல்ல, அடுத்த கிராம சபையிலேயே.