கூழ்ப் பானையின் வரவு செலவு

ஆடி பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் தெருவுக்குத் தெரு கூழ் வாசனைதான்! அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக ஊற்றுவார்கள். பெரியவர், சிறியவர் என்று எல்லோரும் சொம்போடு வரிசையில் நிற்பார்கள். ஆடி முடிந்ததும் அதே கூழ் 'ஏழைச் சாப்பாடு' ஆகிவிடுகிறது. விருந்தாளி வந்தால் கூழ்ப் பானையை யாரும் வெளியே எடுப்பதில்லை.

சமீப வருடங்களில் இதற்கு நேர்மாறான பேச்சு ஒன்றும் கிளம்பியிருக்கிறது. "கூழ் குடித்தால் போதும், சத்து மாத்திரையே வேண்டாம்" என்கிறார்கள். இரண்டுமே தவறு. ஏன் என்று தெரிய வேண்டுமானால் பானைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஃபோலேட் என்பது பி வகை வைட்டமின்களில் ஒன்று. புது ரத்த அணுக்கள் உருவாகவும், கருவிலுள்ள குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக அமையவும் இது அவசியம். இது கண்டுபிடிக்கப்பட்ட கதைக்கும் நம் ஊர்ப் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் இந்தியா வந்து, பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-ல் குன்னூரிலும், 1931-ல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் அந்த வேலை தொடர்ந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் நோய் குணமாகிறது என்று 1931-ல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த மருந்துதான் ஃபோலேட். ஒரு நுண்ணுயிர் தயாரித்த மருந்து!

மனித உடம்பால் ஃபோலேட்டைத் தயாரிக்க முடியாது. பல பாக்டீரியாக்களால் முடியும். தங்கள் செல்லில் இருக்கும் ஜிடிபி என்ற பொருளை மாற்றி, அதோடு பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தையும் குளுட்டமேட்டையும் கோத்து அவை இதை உருவாக்குகின்றன. சல்ஃபா மருந்துகள் பாக்டீரியாவை அடக்குவது இந்தத் தயாரிப்பைத் தடுத்துத்தான். நமக்கு அப்படி ஒரு தொழிற்சாலையே இல்லை என்பதால் நம்மை அது பாதிப்பதில்லை.

அப்படியானால் புளித்த எல்லாவற்றிலும் ஃபோலேட் கூடிவிடுமா? அங்கேதான் கணக்கு இருக்கிறது. எந்தக் கடையிலும் வரவு மட்டுமே இருக்காது, செலவும் இருக்கும். யோகர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் ஃபோலேட்டைத் தயாரித்து வெளியே விடும். கூடவே இருக்கும் லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் அதை எடுத்துச் சாப்பிடும்! கூழ்ப் பானையிலும், இட்லி மாவிலும் இதே கதைதான். எந்த பாக்டீரியா அதிகமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே கையில் மிஞ்சும் இருப்பு.

அடுத்த செலவு அடுப்பு. ஃபோலேட் சூட்டில் சிதையும், தண்ணீரில் கரையும். வடித்த கஞ்சியைக் கொட்டினால் அதுவும் போகும். இங்கேதான் நம் பாட்டிமார்களின் முறை கவனிக்கத்தக்கது. கம்பு மாவைக் கரைத்து இரவு புளிக்க வைத்து, மறுநாள் நொய்யோடு காய்ச்சி, ஆறவைத்து, மீண்டும் ஓர் இரவு மூடி வைக்கிறார்கள். அதற்கடுத்த காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கிறார்கள். அதாவது இரண்டாவது புளிப்பு நடப்பது அடுப்பை விட்டு இறங்கிய பிறகு! அந்த இரவில் பாக்டீரியா சேர்ப்பது மறுபடி கொதிப்பதில்லை. ஒரு சொட்டு கூட வடித்துக் கொட்டப்படுவதும் இல்லை. இட்லிக்கு இந்த வசதி கிடையாது, புளித்த மாவு ஆவியில் வெந்தே ஆக வேண்டும்.

முதலீடும் நல்ல முதலீடு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில், 100 கிராம் கம்பில் சுமார் 36 மைக்ரோகிராம் ஃபோலேட், கேழ்வரகில் 35, தீட்டிய பச்சரிசியில் 9 மட்டுமே. அரிசிக்கு மாறியபோது இந்த வித்தியாசத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஆனால் கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். குழந்தையின் தண்டுவடக் குழாய் மூடிக்கொள்வது கருத்தரித்த 28 நாட்களுக்குள். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் பானையில் எந்த பாக்டீரியா இருக்கிறதோ என்ற அதிர்ஷ்டத்தை நம்பி மாத்திரையை விடுவது விபரீதம். "இயற்கை உணவு" என்று மேடையில் பேசுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

செய்யக்கூடியது என்ன? அங்கன்வாடியிலும் கல்லூரி விடுதியிலும் வாரம் இரண்டு நாள் சுத்தமான தண்ணீரில் செய்த கூழ் கொடுக்கலாம். ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்களைச் சேர்த்து இட்லி மாவில் ஃபோலேட்டை உயர்த்திக் காட்டி, 2017-ல் வெளியிட்டார்கள். பின்லாந்துக்காரர்கள் நம் இட்லியை ஆராயும்போது, நம் பல்கலைக்கழகங்கள் திருவண்ணாமலைக் கூழ்ப் பானைகளிலிருந்து நல்ல 'வரவு' பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து உறைமோர் போல வீடுகளுக்குக் கொடுக்கலாமே! பெரிய செலவும் இல்லை.

'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்று கேலி செய்வார்கள். கூழா மாத்திரையா என்ற விஷயத்தில் மட்டும் தயங்காமல் இரண்டுக்கும் ஆசைப்படலாம். ஆடிக்கு மட்டும் அல்ல, வருடம் முழுவதும்!