பட்ஜெட்டைக் கேட்டோம், கதையைக் கேட்கவில்லை

லைகா நிறுவனத்தின் பெரிய படங்கள் ஏன் ஓடவில்லை என்று எங்கள் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்வார்கள். 2023 செப்டம்பரில் 'சந்திரமுகி 2', 2024 பிப்ரவரியில் 'லால் சலாம்', ஜூலையில் 'இந்தியன் 2', அக்டோபரில் 'வேட்டையன்', 2025 பிப்ரவரியில் 'விடாமுயற்சி'. ரஜினி, கமல், அஜித் என்று யார் பெயருக்குத் தியேட்டர் வாசலில் கூட்டம் கூடுமோ அவர்கள் எல்லோரும் இருந்தார்கள். இருந்தும் ஒரு படம்கூடப் போட்ட பணத்துக்கும் போட்ட சத்தத்துக்கும் ஈடாக நிற்கவில்லை. நடிகர் சம்பளம், ஓ.டி.டி., டிக்கெட் விலை, பாப்கார்ன் விலை, யூடியூப் விமர்சனம் என்று எல்லாவற்றின் மீதும் பழி போட்டு எழுதித் தீர்த்துவிட்டோம். சினிமாவைப் பற்றி எழுதிப் பிழைக்கிற எங்கள் மீது மட்டும் யாரும் விரல் நீட்டவில்லை. நாங்களே நீட்டிக்கொண்டால்தான் உண்டு.

நாங்கள் என்றால் வார இதழ்களின் சினிமாப் பக்கக்காரர்கள், நாளிதழ் நிருபர்கள், டிரேட் கணக்கு சொல்பவர்கள், விமர்சகர்கள், தியேட்டர் வாசலில் மைக் நீட்டுகிறவர்கள் எல்லோரும்தான். ஒரு பெரிய படம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து வெளியாகிற நாள்வரை பட்ஜெட் எவ்வளவு, கதாநாயகி யார், எந்த நாட்டில் ஷூட்டிங், டீசர் எப்போது, எத்தனை மொழி, எத்தனை ஸ்கிரீன் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். திரைக்கதை எழுதி முடிந்துவிட்டதா என்று கேட்க மாட்டோம். அதைக் கம்பெனியில் யார் படித்தார், 'இது சரியில்லை, மறுபடி எழுதுங்கள்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்றும் கேட்க மாட்டோம். ஆடியோ லாஞ்ச் மேடையில் பத்து வருடம் நின்றிருக்கிறோம். அங்கே இந்தக் கேள்வி எழுந்ததாக யாருக்கும் நினைவில்லை.

லைகா 2014இல் 'கத்தி' படத்தோடு வந்தபோது அதன் உரிமையாளர் யார், அவருக்கு இலங்கையில் யாரோடு தொடர்பு என்று மாதக்கணக்கில் எழுதினோம். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தச் சூடு ஆறியதும் நேராகப் பிரமிப்புக்குத் தாவினோம். 2018இல் '2.0' வந்தபோது இந்தியாவிலேயே அதிகச் செலவில் எடுக்கப்பட்ட படங்களில் ஒன்று என்பதையே தலைப்புச் செய்தியாக்கினோம். செலவைச் சாதனையாக்கிப் பழக்கியவர்கள் நாங்கள். ஒரு வீட்டுக்கு எவ்வளவு செலவானது என்பதை வைத்து அது ஒழுகுமா ஒழுகாதா என்று சொல்ல முடியாது. சினிமாவில் மட்டும் சொல்லிவிடலாம் என்று நம்பினோம், நம்பவும் வைத்தோம்.

இந்த நிறுவனத்தின் மிகப் பெரிய வெற்றி எது என்று பார்த்தாலே விஷயம் பிடிபட்டிருக்கும். மெட்ராஸ் டாக்கீஸுடன் சேர்ந்து எடுத்த 'பொன்னியின் செல்வன்', 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. 1950களின் தொடக்கத்தில் கல்கி தொடராக எழுதிய கதை. எழுபது வருடமாகக் குடும்பம் குடும்பமாகப் படித்து, வாதாடி, மனத்துக்குள்ளேயே நடிகர் தேர்வும் நடத்தி முடித்த கதை. மணிரத்னம், இளங்கோ குமரவேல், ஜெயமோகன் ஆகியோர் திரைக்கதையில் உழைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் கேமரா ஓடுமுன்பே ஆரம்பமும் முடிவும் தெரிந்த படம் அது. நடுவில் கொரோனா வந்தும் இரண்டு பாகங்களும் சொன்னது சொன்னபடி ஏழு மாத இடைவெளியில் திரைக்கு வந்தன. அந்த வெற்றியை எழுத்தின் வெற்றி என்று நாங்கள் எழுதியிருக்கலாம். 'பிரம்மாண்டத்தின் வெற்றி', 'மல்டி ஸ்டாரர் வெற்றி', 'பான் இந்தியா' என்று எழுதினோம். முதலாளிகள் எங்களைப் படித்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்று சொல்லுமளவுக்கு எங்களுக்குத் தலைக்கனம் இல்லை. ஆனால் அவர்களைச் சுற்றி இருப்பவர்கள் பேசுகிற பேச்சு எங்கள் பக்கங்களில் உருவாவதுதான்.

தாமதம்தான் 'இந்தியன் 2'வைக் கெடுத்தது என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. 2019இல் தொடங்கிய படம் 2024இல் வந்தது, ஐந்து வருடம். இதே சென்னையில் 'சந்திரலேகா'வும் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட படம்தான். 1943இல் தொடங்கி 1948 ஏப்ரலில் வெளியானது. இடையில் இயக்குநர் மாறினார், கடைசியில் எஸ்.எஸ். வாசனே இயக்கினார். அன்றைய கணக்கில் மலைக்க வைக்கிற செலவு. இன்னும் வேடிக்கை, அந்தப் படமும் கதை இல்லாமல் பெயரை மட்டும் அறிவித்துத்தான் ஆரம்பமானது. ஆனால் வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்று ஒன்று இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன், வேப்பத்தூர் கிட்டு போன்றவர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்து எழுதினார்கள். மாதக்கணக்கில் எழுதியும் வாசனுக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரத்தில் கதை வராவிட்டால் படத்தையே கைவிட்டுவிடுவேன் என்று கெடு வைத்தார். போட்ட விளம்பரம் போகட்டும், கதை இல்லையென்றால் படம் இல்லை என்று சொல்லும் தைரியம் ஒரு முதலாளிக்கு இருந்தது. இன்றைக்கு நூறு கோடிகளில் படமெடுக்கும் கம்பெனிகளில் சட்டப் பிரிவு இருக்கிறது, டிஜிட்டல் மார்க்கெட்டிங் பிரிவு இருக்கிறது. கதைப் பிரிவு இருக்கிறதா என்று நாங்கள் கேட்டதே இல்லை.

'இந்தியன் 2' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996இல் வந்த முதல் படத்துக்கு வசனம் சுஜாதா. அவர் 2008இல் போய்விட்டார். இயக்குநர் ஷங்கரின் படங்களில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று விமர்சனங்களில் ஒற்றை வரி எழுதி நகர்ந்திருக்கிறோம். இரண்டாம் பாகத்துக்கு ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லக்‌ஷ்மி சரவணகுமார் என்று மூவர் வசனம் எழுதினார்கள். ஆக எழுத்தாளர் இல்லாமல் படம் விழுந்தது என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. டைட்டிலில் எழுத்தாளர் பெயர் வருவது வேறு, எழுத்து முடிந்த பிறகே செட் போடுவது என்ற ஒழுங்கு வேறு. எடுத்துக்கொண்டே போன காட்சிகள் பெருகி, படம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தியேட்டரில் கடைசியாக ஓடியது 'இந்தியன் 3' டிரெய்லர். காசு கொடுத்து வந்தவர் கையில் பாதிப் படம். வெளியான சில நாட்களில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். நான்காவது வாரம் முடிந்ததும் நெட்ஃபிளிக்ஸில் வந்து, மீம் போடுகிறவர்களின் சொத்தாகிவிட்டது. படம் இரண்டாகப் பிரிகிறது என்ற செய்தி முதலில் கசிந்தபோது எங்களில் பலர் அதை நல்ல செய்தியாகத்தான் எழுதினோம். ரசிகர்களுக்கு இரட்டை விருந்தாம்!

இன்னொன்று எழுதக் கை நடுங்குகிறது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் இந்தப் படத்தின் செட்டில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் படத்தில் வேலை செய்தவர்கள். சில நாட்கள் எழுதினோம். இழப்பீட்டு அறிவிப்பும் விசாரணையும் செய்தியாயின. அதன் பிறகு 'ஷூட்டிங் மறுபடி எப்போது?' என்பதுதான் எங்கள் தலைப்பு. செட்டில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, காப்பீடு இருந்ததா என்று தொடர்ந்து போய்க் கேட்கவில்லை. படம் வெளியான வாரம் வந்த விமர்சனங்களில் அந்த மூவர் எத்தனை பேருக்கு நினைவில் இருந்தார்கள்? பல கோடி செலவழிக்கும் ஒரு தொழிலில் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று நாங்கள் வைத்திருந்த அளவுகோல் இதுதான்.

பணக் கணக்குக்கு வருவோம். 'மூன்றே நாளில் நூறு கோடி' என்ற போஸ்டரை அப்படியே செய்தியாக்குவோம். அந்த நூறு கோடி கிராஸ். அதில் ஜி.எஸ்.டி. போகும், உள்ளாட்சியின் கேளிக்கை வரி போகும், தியேட்டர் பங்கு போகும், விநியோகஸ்தர் கமிஷன் போகும். தயாரிப்பாளர் கைக்கு வருவது பாதிக்கும் குறைவு. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கிராஸ் எழுதும் இடத்தில் ஷேர் எழுதியதில்லை. எழுதினால் பி.ஆர்.ஓ. போன் செய்வார், அடுத்த பேட்டி கிடைக்காது. 2025இன் தொடக்கத்தில் கேரளத் தயாரிப்பாளர் சங்கம், மாதம் வாரியாக எந்தப் படத்துக்கு எவ்வளவு செலவு, தியேட்டரிலிருந்து வந்த பங்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டது. சிலர் கோபித்துக்கொண்டார்கள், எண்களை மறுத்தார்கள். பட்டியலில் பெரும்பாலான படங்கள் நஷ்டம். தென்கொரியாவில் அரசின் திரைப்படக் கவுன்சில் நடத்தும் கணினி முறையில் எந்தப் படத்துக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்று யாரும் பார்க்கலாம். இங்கே செங்கல்பட்டு ஏரியா, மதுரை-ராம்நாடு ஏரியா, நெல்லை-குமரி ஏரியா என்று எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) போட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் உண்மை தெரியும். 2020இல் 'தர்பார்' படத்தில் நஷ்டப்பட்டதாக விநியோகஸ்தர்கள் சென்னைக்கு வந்து முறையிட்டார்கள். அதுவும் லைகா படம்தான். அன்றே கணக்கைத் தோண்டியிருக்க வேண்டும். ரஜினி என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

பெரிய படங்களின் வியாபாரம் எப்படி நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல. நட்சத்திரம், இயக்குநர், இசையமைப்பாளர் என்று காம்பினேஷன் அமைந்தால் போதும்; ஓ.டி.டி., சாட்டிலைட், இந்தி டப்பிங், ஆடியோ, ஓவர்சீஸ் எல்லாம் விற்றுவிடும். கொரோனா காலத்தில் ஓ.டி.டி. நிறுவனங்கள் கொட்டிக் கொடுத்தன, அந்தக் கணக்கில் சம்பளங்கள் ஏறின. பிறகு அவர்கள் கையைச் சுருக்கினார்கள். ஏறிய சம்பளம் இறங்கவில்லை. மீதிப் பாரம் முழுவதும் தியேட்டர் தலையில் விழுந்தது. இந்த வியாபாரம் எதற்கும் கதை தேவைப்படவில்லை, பெயர் போதும். அந்தப் பெயரை நாள்தோறும் ஊதிப் பெருக்கித் தந்தது எங்கள் பக்கங்கள். 'கங்குவா' இரண்டாயிரம் கோடி வசூலிக்கும் என்று அதன் தயாரிப்பாளர் சொன்னபோது எந்தக் கணக்கில் என்று குறுக்கே கேட்காமல் தம்ப்நெயில் போட்டோம். படம் விழுந்ததும் அதே எண்ணை வைத்துக் கிண்டலும் செய்தோம். இரண்டுக்கும் வியூஸ் வந்தது.

ரசிகர்களையும் இந்தப் பாவத்தில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும், கோபித்துக்கொண்டாலும் சரி. 2021இல் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடம் அஜித் படத்துக்கு 'வலிமை அப்டேட்' கேட்டவர்கள் நாம். அந்தப் பசிக்குத் தீனி போட்டது நாங்கள். 'விடாமுயற்சி' பற்றி 2023 மே முதல் அப்டேட் அப்டேட் என்று எழுதினோம். வந்த படமோ ஹாலிவுட்டின் 'பிரேக்டவுன்' சாயலில் ஒரு சாதாரண மனிதனின் கதை. அஜித் அதில் அடி வாங்குகிறார், மனைவியிடம் தோற்கிறார். நல்ல படமா என்பது தனி விவாதம். ஆனால் இது மாஸ் படம் இல்லை என்று முன்கூட்டிச் சொல்லி வாசகரைத் தயார்படுத்தும் வேலையை நாங்கள் செய்யவில்லை. முதல் நாள் கூட்டம் ஏமாந்து திரும்பியது. இரண்டே மாதத்தில் 'குட் பேட் அக்லி' வந்தது. அஜித்தின் பழைய படங்களையும் பழைய பாட்டுகளையும் அள்ளிப் போட்டுக் கட்டிய படம், கல்லா நிறைந்தது. புதிதாக ஒன்றைச் செய்து பார்த்த கம்பெனி கையைச் சுட்டுக்கொண்டது, பழையதைச் சூடு பண்ணியவர் ஜெயித்தார். இனி எந்தத் தயாரிப்பாளர் நம்மை நம்பிப் புதிதாக எதையாவது செய்வார்?

அதே காலத்தில் 'மகாராஜா', 'லப்பர் பந்து', 'டூரிஸ்ட் ஃபேமிலி' எல்லாம் ஓடின. மூன்றையும் எழுதியவர்களே இயக்கினார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்து நாங்கள் கொண்டாடினோம், உண்மை. வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு 'லப்பர் பந்து'க்கு எத்தனை அங்குலம் இடம் கொடுத்தோம் என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தால் முகம் சிவக்கும்.

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தியேட்டர் வளாகத்தில் யூடியூப் விமர்சனம் எடுக்கக் கூடாது என்று அறிக்கை விட்டார்கள். முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றமும் போனார்கள், நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. கருத்துச் சுதந்திரம் காப்பாற்றப்பட்டது என்று நாங்கள் மார் தட்டினோம். தட்டலாம். ஆனால் படம் வந்த மூன்றாவது மணி நேரத்தில் காட்டிய வீரத்தை, அதை எடுத்துக்கொண்டிருந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் காட்டவில்லை. செத்த பாம்பை அடித்தோம். உயிரோடு இருந்தபோது அதன் அருகே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டவர்களும் நாங்கள்தான்.

லைகாவின் நஷ்டத்தில் எங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று அளக்க வழியில்லை. பணம் போட்டவரும் அவர்கள்தான், முடிவெடுத்தவரும் அவர்கள்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நாங்கள், கேட்கவில்லை. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெரிய படத்தின் அறிவிப்பு எங்கள் இதழில் வரும்போது, அதில் பட்ஜெட் இருந்து, திரைக்கதை எழுதியவர் பெயரும் அது எழுதி முடிந்ததா என்ற தகவலும் இல்லாவிட்டால், ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நாங்களாகத் திருந்துவோம் என்று காத்திருக்க வேண்டாம்.