சட்டம் காத்த கோட்டை. கடல் கொண்ட சுவர்

இங்கிலாந்தின் தென்கரையில், வைட் தீவுக்கு எதிரே கடலுக்குள் நீண்டு கிடக்கும் கூழாங்கல் திட்டின் முனையில் நிற்கிறது ஹர்ஸ்ட் கோட்டை. எட்டாம் ஹென்றி மன்னர் 1540-களில் கட்டிய இக்கோட்டையின் இருபுறமும், பிரெஞ்சுக் கடற்படை குறித்த அச்சம் மேலோங்கியிருந்த விக்டோரியா காலத்தில், பீரங்கித் தளங்கள் இரு சிறகுகளாக எழுப்பப்பட்டன. அஞ்சிய படையெடுப்பு நிகழவேயில்லை. ஆனால், 2021 பிப்ரவரி 26 அன்று கிழக்குச் சிறகின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அலைகள் கரையை அரித்து அடித்தளத்தைக் குடைந்ததே காரணம்.

இத்தனைக்கும் இது 1979-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற இடம். அனுமதியின்றி இதன் கட்டுமானத்தில் கைவைப்பது குற்றம். ஆனால், மனிதரின் கையைத் தடுக்கும் அச்சட்டம், பராமரிப்பைக் கட்டாயமாக்கவில்லை; அதற்கான நிதிக்கும் உறுதியளிக்கவில்லை. கோட்டையைப் பேணும் 'இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்' 2015-இல் அறக்கட்டளையாக மாற்றப்பட்டபோது, அரசு 8 கோடி பவுண்டு வழங்கியது. அதன்பின் படிப்படியாகத் தன் வருவாயிலேயே அது இயங்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

நிதியைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. கோட்டையைத் தாங்கும் திட்டு, மேற்கிலிருந்து கடல் நீரோட்டம் சுமந்துவரும் கூழாங்கற்களால் உருவானது. மேற்கேயுள்ள ஊர்கள் தம் கரையைக் காக்கத் தடுப்புச் சுவர்களை எழுப்பியதால் அந்த வரத்து குறைந்தது, திட்டு மெலிந்தது. 1996-இல் உள்ளாட்சி நிர்வாகம் பெருமளவில் கூழாங்கற்களைக் கொட்டித் திட்டை வலுப்படுத்தியும் அரிப்பு ஓயவில்லை. ஓர் ஊரின் பாதுகாப்பு, மற்றோரிடத்தின் அழிவாக முடிந்திருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட இடம் என்று வரைபடத்தில் கோடு கிழிப்பது எளிது. ஹர்ஸ்ட் கோட்டையின் விதியோ அக்கோட்டுக்கு வெளியே தீர்மானிக்கப்படுகிறது. எனவே, கரையோரச் சின்னங்களின் பாதுகாப்பைக் கடற்கரை மேலாண்மைத் திட்டத்தின் அங்கமாகவே கருத வேண்டும். தடுப்புச் சுவர் எழுப்பும் முன், அதனால் மணலையும் கல்லையும் இழக்கப்போகும் இடம் எது என்று கணக்கிடுவது கட்டாயமாக வேண்டும். கடல்மட்டம் உயர்ந்துவரும் நிலையில் எல்லாவற்றையும் காப்பது இயலாது. எதைக் காப்பது, எதை முழுமையாக ஆவணப்படுத்திவிட்டுக் கடலிடம் விடுவது என்பதை மக்கள் முன் வைத்து முடிவு செய்வதே நேர்மை. முடிவெடுக்காமல் காலம் கடத்தினால், அந்த முடிவையும் அலைகளே எடுத்துவிடும்.