காரணம் சொல்ல வேண்டியது யார்?

2021 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. சட்டப்படி தடை இல்லாத, 21 வயது நிரம்பிய எவரும் உரிமமோ பயிற்சியோ இல்லாமல் பொது இடத்தில் கைத்துப்பாக்கியுடன் நடமாடலாம் என்றது ஒன்று. கருவின் இதயத் துடிப்பு கருவியில் தென்பட்ட பிறகு, அதாவது ஏறக்குறைய ஆறாவது வாரத்துக்குப் பிறகு, கருக்கலைப்பு கூடாது என்றது மற்றொன்று. தாம் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்கு அந்தச் சமயத்தில்தான் தெரியவரும். இரண்டையும் நிறைவேற்றியது ஒரே சட்டமன்றம். கையெழுத்திட்டவரும் ஒரே ஆளுநர், குடியரசுக் கட்சியின் கிரெக் அபாட். துப்பாக்கி என்றதும் சுதந்திரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசியவர்கள், கருப்பை என்றதும் அரசுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று குடியரசுக் கட்சியைச் சாடிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், கருக்கலைப்பை உரிமை என்று போற்றும் ஜனநாயகக் கட்சியினரில் பலரும் துப்பாக்கி என்று வந்ததும் வேறு தராசைத்தான் எடுக்கிறார்கள்.

கொள்கையில் முரண் இல்லாமல் இருப்பது என்றால் இரண்டுக்கும் ஒரே விடை சொல்ல வேண்டும் என்று பொருள் இல்லை. துப்பாக்கி வேறு, கரு வேறு; விடைகளும் வேறாகலாம். கேள்வி மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவரின் வாழ்க்கையில் அரசு குறுக்கிடும்போது காரணம் காட்ட வேண்டியது அரசா, குடிமகனா? அரசுதான் என்பதே சுதந்திரம் என்ற சொல்லுக்கு இருக்கக்கூடிய ஒரே நேர்மையான பொருள். யாருக்கு என்ன தீங்கு நேர்கிறது, இந்தத் தடை அதை உண்மையிலேயே தடுக்கிறதா என்று அரசு நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் கட்டுப்பாடு நிற்கட்டும். முடியாவிட்டால், நமக்குப் பிடிக்காத உரிமையாக இருந்தாலும் அதை விட்டுவைக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒருமுறை தெளிவாகக் கேட்டது. நியூயார்க்கில் 1911இலிருந்து துப்பாக்கி உரிமச் சட்டம் இருந்தது. வெளியே மறைத்து எடுத்துச்செல்ல விரும்புகிறவர், தனக்கு அதற்கான தனிப்பட்ட தேவை இருப்பதாக உரிம அதிகாரியின் முன் மெய்ப்பிக்க வேண்டும். பொதுவான தற்காப்பு என்றால் போதாது. 2022 ஜூன் 23 அன்று இந்த நிபந்தனையை நீதிமன்றம் ரத்து செய்தது. அரசமைப்புச் சட்டம் தரும் வேறெந்த உரிமையையும் பயன்படுத்த, ஓர் அதிகாரியிடம் போய்த் தேவையை நிரூபித்துக்கொண்டு நிற்பதில்லை என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தீர்ப்பில் வாதிட்டார். மறுநாளே, ஜூன் 24இல், கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை அதே நீதிமன்றம் தூக்கியெறிந்தது. அதன் விளைவு டெக்சாஸில் 2023 டிசம்பரில் கண்கூடாகத் தெரிந்தது. ஏறத்தாழ 20 வாரக் கர்ப்பிணி ஒருவரின் கருவுக்குப் பிழைக்க ஏறக்குறைய வாய்ப்பே இல்லாத மரபணுக் குறைபாடு. கர்ப்பம் தொடர்ந்தால் மீண்டும் தாயாகும் வாய்ப்பே போய்விடலாம் என்ற அச்சம். அவர் நீதிமன்றத்தின் படியேறிக் கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டார். கீழ் நீதிமன்றம் கொடுத்ததை மாகாண உச்ச நீதிமன்றம் பறித்தது. கருக்கலைப்பு தேவை என்று மருத்துவர் நல்லெண்ணத்துடன் நம்புகிறார் என்பது மட்டும் போதாது என்றது. சிகிச்சைக்கு அவர் மாகாணத்தை விட்டே வெளியேறினார். துப்பாக்கி கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற தேசத்தில், சாவின் விளிம்பில் இருக்கும் கருவைச் சுமப்பவர் காரணங்களை அடுக்கியும் போதவில்லை.

இனி மறுபக்கம். 2013இல் டெக்சாஸ் ஒரு விதி கொண்டுவந்தது. கருக்கலைப்பு செய்யும் மருத்துவருக்கு, 30 மைல் தொலைவுக்குள் உள்ள மருத்துவமனை ஒன்றில் நோயாளியைச் சேர்க்கும் உரிமை இருக்க வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்காக என்றார்கள். ஆனால், 40க்கும் மேலிருந்த கருக்கலைப்பு மையங்கள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கின. அந்த விதியால் உடல்நலத்துக்குப் பயன் எதுவும் விளைந்ததாகத் தெரியவில்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியபோது, ஜனநாயகக் கட்சியினர் கொண்டாடினார்கள். நியாயம்தான். ஆனால், அவர்களுடைய கோட்டையான சிகாகோ 2010இல் செய்தது என்ன? வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கக்கூட விடாத நகரத் தடை உச்ச நீதிமன்றத்தில் தோற்றதும், புதிய விதி எழுதினார்கள். உரிமம் வேண்டுமென்றால் சுடும் களத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி கட்டாயம். கூடவே, நகர எல்லைக்குள் மக்களுக்கான சுடும் களங்களுக்குத் தடை! 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்த இந்தத் தந்திரமும் டெக்சாஸின் தந்திரமும் ஒரே பட்டறையில் அடித்தவை. உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு, அதை அடையும் வழியை அடைப்பது. ஒன்றைக் கண்டித்துவிட்டு மற்றதைப் பொதுநலம் என்பவர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசத் தகுதி இழக்கிறார்.

ஆயுதம் ஏந்தும் உரிமை அரசமைப்பின் இரண்டாவது திருத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது, கருக்கலைப்பு எங்கும் எழுதப்படவில்லை, எனவே இந்த ஒப்பீடே தவறு என்று ஒரு மறுப்பு உண்டு. எளிதில் தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால், பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் பெற்றோர் உரிமையும் அந்த ஆவணத்தில் எழுதப்படவில்லை. 1925இல் நீதிமன்றம் அதை ஏற்றது, பழமைவாதிகளும் உயிராய்ப் போற்றுகிறார்கள். பட்டியலில் இல்லை என்பதாலேயே மக்களுக்கு வேறு உரிமைகள் கிடையாது என்று கொள்ளக் கூடாது என ஒன்பதாவது திருத்தமே சொல்கிறது. மேலும், எழுத்தில் என்ன இருக்கிறது என்பது நீதிபதியைக் கட்டுப்படுத்தும் கேள்வி. சட்டமன்ற உறுப்பினருக்கு அது போதாது. அரசமைப்புச் சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே ஒரு தடை நியாயமாகிவிடாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. துப்பாக்கி வைத்திருப்பதால் மட்டும் யாரும் சாவதில்லை. கருக்கலைப்பில் ஓர் உயிர் போகிறது என்பது. கருவுற்ற கணத்திலேயே முழு மனித உயிர் உண்டென்று நம்புகிறவரின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. கர்ப்பம் வளர வளர இந்த வாதத்தின் எடை கூடுகிறது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அவர் சொல்வது சுதந்திரம் பற்றிய வாதம் அல்ல. உயிரைக் காப்பதற்காகச் சுதந்திரத்தைச் சுருக்கலாம் என்ற வாதம். அதை ஓரிடத்தில் ஏற்றவர் அடுத்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். துணைவரை மிரட்டியதற்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று உறுதிசெய்ததே, அங்கே அரசு தன் காரணத்தைக் காட்டிவிட்டது. வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பதும் அப்படியே. உயிரைக் காரணம் காட்டி ஆறு வாரத் தடைக்கு வாக்களித்தவர்கள், இதே காரணத்துக்காகக் கொண்டுவரப்படும் துப்பாக்கி விதிகளைப் படித்துப் பார்க்கவாவது கடமைப்பட்டவர்கள்.

கொள்கைக்காக இல்லாவிட்டாலும் தற்காப்புக்காகவாவது இரண்டு உரிமைகளுக்கும் ஒரே கேள்வியைக் கேட்கும் இந்த ஒழுங்கு தேவை. டெக்சாஸின் 2021ஆம் ஆண்டு ஆறு வாரச் சட்டத்தை அமல்படுத்துவது அரசு அதிகாரிகள் அல்லர். கருக்கலைப்புக்கு உதவியவர் மீது யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடுத்துக் குறைந்தது 10,000 டாலர் பெறலாம். நீதிமன்றத்தில் யாரை எதிர்த்து நிற்பது என்றே தெரியாதபடி செய்த ஏற்பாடு அது. அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு ஆதரவு மனு கொடுத்தவர்களில் துப்பாக்கி உரிமைக்காகவே இயங்கும் ஓர் அமைப்பும் உண்டு. இன்று கருக்கலைப்பு, நாளை துப்பாக்கி என்று அவர்கள் சரியாகவே கணித்தார்கள். 2022 ஜூலையில் கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம், சட்டவிரோதத் துப்பாக்கிகளை விற்பவர்கள் மீது யாரும் வழக்குப் போடலாம் என்று அதே அச்சில், அதே 10,000 டாலருடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்.

தலைவர்களுக்குப் பிடிபடாத இந்த ஒழுங்கு வாக்காளர்களுக்குப் பிடிபடுகிறது. துப்பாக்கி உரிமையை 2010இல் தன் மாகாண அரசமைப்பில் உறுதிப்படுத்திய கேன்சஸ், 2015இல் உரிமம் இல்லாமல் ஏந்திச்செல்லவும் வழிவிட்டது. 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப்புக்கே வாக்களித்தது. அதே கேன்சஸில், கருக்கலைப்புக்கான பாதுகாப்பை நீக்கும் திருத்தத்தை 2022 ஆகஸ்டில் 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். துப்பாக்கி உரிமத்துக்காக அதிகாரியின் மேசை முன் கைகட்டி நிற்க விரும்பாதவர்களில் கணிசமானோர், ஒரு பெண்ணை அந்த மேசை முன் நிறுத்தவும் விரும்பவில்லை. கட்சிகள் சுதந்திரம் என்று முழங்கும்போது வாக்காளர் கவனிக்க வேண்டியதும் அதுதான்: மேசைக்கு முன்னால் காரணம் சொல்லிக்கொண்டு நிற்பது யார்?