மின்னூலுக்குப் பூட்டு

போட்டித் தேர்வு எழுதுவோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தில்லி ஆசிரியை ஒருவரின் பயிற்சி நூல்களையும் விரிவுரைகளையும் சிலர் மின்கோப்புகளாக்கி டெலிகிராம் செயலியில் பரப்பினர். விலை கொடுத்து வாங்க வேண்டியவை ஒரு தொடுகையில் இலவசமாகக் கிடைத்தன. அவர் முறையிட்டதும் சில அலைவரிசைகள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட இடத்தில் வேறு பெயர்களில் புதியவை முளைத்தன. இறுதியில் அவர் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடினார். பரப்பியவர்களின் விவரங்கள் சிங்கப்பூரில் உள்ளன, அவற்றை வெளியிட அந்நாட்டுச் சட்டம் இடந்தராது என்று நிறுவனம் வாதிட்டது. 2022 ஆகஸ்ட் 30 அன்று அவ்வாதத்தை ஏற்க மறுத்த நீதிமன்றம், விவரங்களை மூடிய உறையில் அளிக்குமாறு ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் பெயர்களும் தொலைபேசி எண்களும் நீதிமன்றத்திற்கு வந்து சேர்ந்தன.

அந்த ஆசிரியைக்குத் துணைநின்றது கோப்பின்மேல் இடப்பட்ட பூட்டு அன்று. பரப்பியவர் யார் என்று கேட்பதற்குச் சட்டம் தந்த உரிமை. ஆனால் மின்னாவணப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கடவுச்சொல், மறையாக்கம், அச்சிடத் தடை, படியெடுக்கத் தடை எனப் பூட்டுகளே முன்வைக்கப்படுகின்றன. அவற்றின்மேல் வைக்கப்படும் நம்பிக்கை மிகையானது.

எங்கும் வழங்கும் பி.டி.எஃப். கோப்பையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இருவகைக் கடவுச்சொற்கள் இடலாம். முதல்வகை, கோப்பையே மறையாக்கம் செய்துவிடும். சொல் தெரியாதவர் அதனைத் திறக்க இயலாது. சொல் நீண்டதாகவும் ஊகிக்க முடியாததாகவும் இருப்பின் இது உறுதியான காவல்தான். இரண்டாம் வகை, கோப்பைத் திறந்து படிக்கவிட்டு, அச்சிடுவதையும் படியெடுப்பதையும் மட்டும் தடுப்பது. உண்மையில் இது பூட்டே அன்று. 'உள்ளே வராதீர்' என்று வாயிலில் மாட்டிய அறிவிப்புப் பலகை. அதனை மதிக்கும் மென்பொருள் கீழ்ப்படிகிறது. மதிக்காத மென்பொருள் கடந்து போகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல், இரண்டாம் வகையை இட்டுவிட்டுத் தம் ஆவணம் பத்திரமாக இருப்பதாக எண்ணுவோர் பலர்.

முதல்வகைப் பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. மறையாக்கம் என்னும் கலை, அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இடையே செல்லும் மடலை மூன்றாமவர் படியாதவாறு காப்பதற்காகப் பிறந்தது. விற்பனைக்கு வரும் மின்னூலில் மூன்றாமவர் என்று எவரும் இல்லை. ஐயத்திற்கு உரியவர் பெறுநரே. அவர் படித்தாக வேண்டும். ஆகவே பூட்டோடு சாவியையும் அவரிடமே கொடுத்தாக வேண்டும். படிக்கருவிக்குள் எவ்வளவு ஆழத்தில் சாவியைப் புதைத்தாலும் அது வாங்கியவர் கையில்தான் இருக்கிறது. சாவியைத் தேடும் பொறுமை இல்லாதவர், திரையில் தெரியும் பக்கத்தை மற்றொரு திறன்பேசியால் படமெடுத்துவிடுகிறார். கண்ணால் காணக்கூடியதைப் படமெடுக்காமல் தடுக்கும் கணிதம் எதுவும் இல்லை. ஆயிரம் பேரில் ஒருவர் பூட்டை உடைத்தால் போதும். எஞ்சியோர்க்கு உடைத்த படியே வந்துவிடும்.

அவ்வாறாயின் பூட்டின் சுமையைத் தாங்குவோர் யாவர்? விலை கொடுத்தவர்களே. 2009 சூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில மின்பதிப்புகளை, வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. அப்பதிப்புகளை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது உண்மைதான். ஆயினும் பள்ளிப் பாடத்திற்காக அந்நூலைப் படித்து வந்த பதினேழு வயது மாணவர் ஒருவர் எழுதிவைத்திருந்த குறிப்புகள், நூலின்றிப் பொருளற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பழைய ஆவணங்களை அரசே அழித்து மாற்றும் ஒரு நாட்டைப் பற்றிய புதினம் '1984' என்பது எவரும் திட்டமிடாத முரண். அச்சுநூலை விற்ற கடைக்காரர் இரவில் வீடு புகுந்து அதனை எடுத்துச் செல்ல முடியுமா? பூட்டிய மின்னூலில் அது இயல்கிறது.

பார்வையற்றோரின் நிலை இதனினும் கடினம். எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளின் துணையால் படிக்கும் அவர்களுக்குப் படியெடுக்கத் தடையிட்ட கோப்பு பல வேளைகளில் ஊமையாகிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. இதே நோக்கில் உருவான மராக்கேசு உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. சட்டம் திறந்து வைத்த கதவைக் கோப்பின் பூட்டு அடைத்துவிடுகிறது.

இவற்றைக் காட்டி, 'அறிவு எல்லார்க்கும் பொது. ஆகவே பகிர்வதில் பிழையில்லை' என்று வாதிடுவோர் உளர். சுவடிகளைப் பெயர்த்தெழுதியதால்தானே பழந்தமிழ் நூல்கள் பிழைத்தன என்றும் அவர்கள் கேட்பர். சுவடி பற்றிய செய்தி மெய்யே. பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் முன் எவரோ புதிய ஓலையில் எழுதி வைத்தமையால்தான், 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏடுகள் கிடைத்தன. ஆனால் அந்த ஒப்புமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒரு படி எடுக்கப் பல நாள் உழைத்தவர் அந்நூலை எழுத்தெழுத்தாகப் படித்தார். புலனக் குழுவில் ஒரே நாளில் நூறு நூல்களை அனுப்புபவர் அவற்றுள் எத்தனையைத் திறந்து பார்த்திருப்பார்? அதனினும் முதன்மையானது, இன்றைய நூலின் ஆசிரியர் உயிரோடு இருக்கிறார். அந்நூலின் வருவாயைக்கொண்டே அடுத்த நூலை எழுதவேண்டிய நிலையில் இருக்கிறார். தமிழ் நூல்கள் சிறிய எண்ணிக்கையில் விற்பவை. அங்கே இழக்கும் ஒவ்வொரு படியும் பெரிது.

விலையின்றிப் படிக்க விரும்புவோர்க்கு நேர்வழி இல்லாமலும் இல்லை. 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அரசு பரிவுத்தொகை வழங்கி நாட்டுடைமையாக்கிய நூல்கள் என ஓர் ஆயுளில் படித்து முடியாத செல்வம் திறந்தே கிடக்கிறது.

பூட்டு பயன்படும் இடங்களும் உண்டு என்பதை மறுக்கவியலாது. தேர்வுக்கு முந்தைய வினாத்தாள், நோயாளியின் மருத்துவ அறிக்கை, அடையாள அட்டையின் படி ஆகியவற்றைப் படிக்க உரியவர் மிகச் சிலர். அங்கே மறையாக்கம் தன் பிறவிப் பணியைச் செய்கிறது. மறைக்க வேண்டியதற்கும் விற்க வேண்டியதற்கும் ஒரே பூட்டைப் போடுவதில்தான் பிழை நேர்கிறது.

விற்க வேண்டியதற்குப் பொருத்தமானது பூட்டைவிட முத்திரையே. 2012-இல் ஹாரி பாட்டர் மின்னூல்கள் விற்பனைக்கு வந்தபோது, படியெடுக்கத் தடையின்றி, வாங்கியவரைச் சுட்டும் நீர்க்குறியோடு அவை வழங்கப்பட்டன. அதே ஆண்டில் டோர் என்னும் அறிவியல் புனைகதைப் பதிப்பகம் தன் மின்னூல்களின் பூட்டுகளை அறவே நீக்கியது. ஓராண்டு கழித்து, திருட்டில் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் தென்படவில்லை என அறிவித்தது. முத்திரை, வாங்கியவரின் படிப்பைத் தடுப்பதில்லை. இரண்டு கருவிகளில் வைத்துக்கொள்வதையும் ஒலியாக்கிக் கேட்பதையும் தடுப்பதில்லை. பொதுவெளியில் வீசினால் மட்டும் வீசிய கையைக் காட்டிக்கொடுக்கும். அதனை அழிக்கத் தெரிந்தவரும் உண்டு. திறன்பேசியைத் தொலைத்தவர்மேல் பழி விழவும் கூடும். ஆகவே முத்திரை விசாரணையின் தொடக்கமாகலாமேயன்றித் தீர்ப்பாகாது. வாங்கியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பக்கந்தோறும் அச்சிடுவதும் முறையன்று. ஒரு குறியீட்டெண் போதும்; அதற்குரிய பெயர் பதிப்பகத்தின் ஏட்டில் இருக்கட்டும்; நீதிமன்றம் கேட்கும்போது அது வெளிவரட்டும்.

பதிப்பகத்தார் செய்ய வேண்டியது இன்னொன்றும் உண்டு. இந்தியச் சட்டப்படி நூலின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின்னும் அறுபது ஆண்டுகள் நீடித்து, அதன்பின் நூல் பொதுவுடைமையாகும். அச்சுநூலின் படிகளைச் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கு அளிக்க 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. பூட்டிய மின்னூலை வெளியிடுவோரும் பூட்டில்லாத படி ஒன்றை அத்தகைய நூலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். 2025-இல் மறைந்த ஓர் ஆசிரியரின் நூல் 2086 சனவரி முதல் நாளன்று பொதுவுடைமையாகும். பூட்டை உருவாக்கிய நிறுவனம் அன்று இருக்குமா என்பது ஐயமே. கன்னிமாராவின் அலமாரியில் அந்தப் படி இருக்க வேண்டும்.